சோழவரத்து ஹெல்மெட்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் திருவேங்கடத்தின் பஞ்சர் கடை இருந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்கூடத் தெரியாது. சைக்கிளில் போனாலும் திருப்பம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆள். ஆனால் வாயால் ஓட்டுவார். டயரைக் கழற்றிக்கொண்டே "ர்ர்ரூம்... ர்ரூம்... ஞீஈஈஈங்" என்று நாலாவது கியருக்குப் போய்விட்டால், எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்த தேசப்பன் அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

"அண்ணாத்த, மொள்ள! லைட் கம்பம் கீது, இடிச்சிக்கப் போற!"

ஊரில் அவரை ரேஸ் திருவேங்கடம் என்றார்கள். நாளாக நாளாகத் திருவேங்கடம் உதிர்ந்துபோய் வெறும் ரேஸ் ஆனார். "ரேஸு கடை தொறந்துகீதா?" என்று கேட்டால் எவரும் குதிரையைத் தேடிப் போகவில்லை.

எழுபதுகளில் வருஷா வருஷம் பிப்ரவரியில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கும். திருவேங்கடம் ரயிலேறி மெட்ராஸ் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, செங்குன்றம் தாண்டி இறங்கி, வெயிலில் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நிற்பார். கயிறு கட்டுகிற, டிரம் உருட்டுகிற கூலி ஆட்களில் சடையப்பன் என்று ஒருவன் அவருக்குப் பழக்கம். பந்தயம் முடிந்ததும் டீக்கடை மறைவில் சடையப்பன் துண்டை விரிப்பான். துண்டுக்குள் ஏதாவது இருக்கும். அதை வாங்கிக்கொண்டு திருவேங்கடம் ஊர் திரும்புவார்.

அப்படிச் சேர்ந்தவை கடைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கின. வலது கைக்கு மட்டும் ஒரு தோல் கையுறை. ஒரு கண் உடைந்த காகிள்ஸ். கரி படிந்த ஸ்பார்க் பிளக்குகள். ஏழு என்று எழுதிய தகரம். எவனோ ஜெயித்துவிட்டு முகம் துடைத்ததாகச் சொல்லப்பட்ட கைக்குட்டை. அதைத் துவைக்கக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. மகாபலிபுரம் போகிற கார்கள் பஞ்சராகி நின்றால், ஒட்டுப் போட்டு ஆறுகிற வரைக்கும் கார்க்காரர்கள் தப்பிக்க வழியில்லை. ஒவ்வொரு ஆணியாகக் கதை சொல்லி முடிப்பார்.

கல்யாணமான புதிதில் மனைவி வசந்தாவைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ராட்டினத்துக்கு இல்லை. அங்கே காசு போட்டால் ஓடுகிற கார் மிஷின் ஒன்று வந்திருந்தது. கண்ணாடிக்குள் ரோடு வரைந்த பட்டை உருண்டு வரும்; அதன்மேல் சின்ன கார்; வெளியே நிஜ ஸ்டீரிங். பொடிசுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று, திரும்பத் திரும்ப நின்று, உடம்பையே சாய்த்துச் சாய்த்து ஓட்டினார். மிஷின்காரன் பயந்துபோய், "நைனா, ஓட்டு, வாணான்னு சொல்லல. புடுங்கிகினு மட்டும் போயிராத" என்றான். வசந்தா அன்றைக்குச் சிரித்தாள். புதுப்பெண் இல்லையா, சிரிப்பாள்.

பிறகு சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. ராத்திரி பகல் ரப்பர் கருகிய நாற்றம். குடிக்கிற தண்ணீருக்கு ரயில்வே கேட் தாண்டிப் போய் அடிபம்பில் அடித்து, இடுப்பிலும் தலையிலும் சுமந்து வரவேண்டும்.

வசந்தாவின் தம்பி கண்ணாயிரம், கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற இடத்தில் பம்பு ஆபரேட்டராக இருந்தான். ஒரு வருஷம் பிப்ரவரியில் ஒருநாள் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான்.

"மாமா, வண்டி ஷெட்டுல டயர் வேலைக்கி ஆள் எடுக்கறாங்கோ. நான் சொல்லி வச்சிகீறேன். சனிக்கெயம காலைல ஆபீசரு பாப்பாரு. நீ வாயத் தொறக்க வாணாம், வந்து நின்னா போதும்."

"பர்மனென்டா?" கேட்டது வசந்தா.

"பர்மனென்ட்தான்க்கா. குவார்ட்டர்ஸ் குடுப்பாங்கோ. வூட்டுக்குள்ளயே கொயா. தொறந்தா தண்ணி."

வீட்டுக்குள்ளேயே குழாய் என்பதை வசந்தாவின் கை ஒருமுறை திருகிப் பார்த்துக்கொண்டது. அன்றைக்கே புருஷனின் வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்து, சொம்பில் நெருப்புத் துண்டு போட்டு இஸ்திரி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு லாரி டிரைவர் சடையப்பனின் சேதியோடு வந்தான். போன வருஷம் ஜெயித்தவன் தலையிலிருந்த ஹெல்மெட் கைக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமை வந்தால் உண்டு. வராவிட்டால் மெட்ராஸ் பார்ட்டி ஒன்று காத்திருக்கிறது.

ராத்திரிச் சோற்றில் கை வைத்துக்கொண்டே திருவேங்கடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"மொத வண்டி புடிச்சி போயிட்டு, ஆபீசரு வர்றதுக்குள்ள வந்துருவேன்."

"சோயவரம் போயி காலைல கல்பாக்கம் வரணும்னா ரேசுகாரனே உன்ன தூக்கிகினு வந்தாத்தான் உண்டு."

"ஆபீசரு மதியம் வரிக்கும் இருப்பாருல்ல?"

"ஏன், அவரு உங்க சித்தப்பன் மவனா?"

"ஹெல்மெட்டு மே அது. தலையில போட்டு ஜெயிச்சது."

"எவன் தலையில இன்னா இருந்தா எனக்கு இன்னாய்யா? என் தலையில பத்து வருசமா கொடம் கீது, அத எறக்கு."

அவர் தட்டைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் வசந்தா தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது ஆணியில் வெள்ளைச் சட்டை இல்லை. கல்பாக்கத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று நினைத்து, சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். அன்று அவள் ஏமாந்த நேரம் அது ஒன்றுதான்.

வெள்ளைச் சட்டை சோழவரம் போயிருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தது. துண்டில் சுற்றிய உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டக்டர் விடவில்லை. "இன்னா நைனா, பூசணிக்காயா? ஒடைக்கறதுன்னா எறங்கி ஒடை." திருவேங்கடத்துக்குக் கோபம் வரவில்லை. உலகத்தையே மன்னிக்கிற முகத்தோடு வந்து இறங்கினார். சிவப்புப் பெயின்ட், இரண்டு பக்கமும் வெள்ளையில் ஏழு. நல்ல ஆணியாகப் பார்த்து நடுச்சுவரில் மாட்டினார். வசந்தா விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கண்ணாயிரம் சண்டை போடவே வந்தான். "யோவ் மாமா, கேட்டாண்ட நாயி மாதிரி நின்னுகினு இருந்தேன். ஆபீசரு பேரச் சொல்லி கூப்புட்டாரு, ரெண்டு தபா கூப்புட்டாரு. பக்கத்துல நின்னவன் உள்ள பூந்துட்டான். உனக்கு வெக்கமா..."

அங்கேயே நின்றுவிட்டான். கண் சுவருக்குப் போயிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, குப்புறக் கவிழ்த்து உள்ளே பார்த்தான்.

"இது இன்னா மாமா?"

"ஹெல்மெட்டு. ரேசு ஹெல்மெட்டு. கீய வச்சிரு."

"ரேசா? உள்ள பாரு, பட்டி பட்டியா கீது. எங்க சைட்டு தொப்பி மாமா இது! தலைல கல்லு வியாம இருக்க போடறது. முன்னால நீட்டிகினு இருக்குமே, அத அறுத்து எட்த்து ராவியிருக்கான்."

"வுடு மச்சான், உனுக்கு இன்னா தெரியும்."

கண்ணாயிரம் சட்டைப் பையிலிருந்து சில்லறைக் காசை எடுத்து ஓரத்தில் சுரண்டினான். சிவப்பு உதிர்ந்தது. அடியில் மஞ்சள். இன்னும் சுரண்டினான். இன்னும் மஞ்சள்.

கல்பாக்கம் கடற்கரையில் அன்றைக்கு அந்த மஞ்சளைத் தெரியாத ஆளே கிடையாது. திருவேங்கடம் ஒருவர்தான் அந்தப் பக்கம் போனதில்லை.

சண்டைக்கு வந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சத்தம் கேட்டுத் தேசப்பன் டீ வடிகட்டியோடு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் ஒரு கை போட்டார்.

"அட இதுவா! சதுரங்கப்பட்டினத்துல மீன்காரி சொர்ணம் இதுலதான இறா அள்ளி அள்ளி போடுது! அண்ணாத்த, அது எந்த ரேஸுல ஜெயிச்சது?"

"மாமா," என்றான் கண்ணாயிரம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நேத்து வந்து நின்னிருந்தியானா, இதையே உனுக்கு சைட்டுல சும்மா குடுத்திருப்பாங்கோ. புச்சா."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. வசந்தா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

திருவேங்கடம் ஹெல்மெட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு மறுபடி சோழவரம் போனார். அன்றுதான் பெரிய பந்தயம். புழுதியும் கூட்டமுமாக இருந்தது. சடையப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். துண்டைப் பிரித்ததும் அவன் அசரவில்லை.

"நீ ஹெல்மெட்டு கேட்ட. இது ஹெல்மெட்டா இல்லியா? தலைல போட்டுப் பாரு, நிக்கும்."

"ரேசுகாரன் போட்டதுன்னு சொன்னியேய்யா."

"சொல்லலன்னா நீ வாங்கியிருப்பியா?"

"அப்ப அந்த கையுறை?"

"எந்தக் கையுறை?" என்று சடையப்பன் கேட்டான். நிஜமாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. பிறகு எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "இந்தா, பேஜாரு பண்ணாத. அல்லாமே பொய்யின்னு நான் சொல்லல. ரெண்டு மூணு நெசம் கீது. சாமி சத்தியமா நெசம். எதெதுன்னு சொல்றேன், கேட்டுக்கினு போ."

திருவேங்கடம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து வண்டிகள் கூட்டமாக வந்து திரும்பின. சத்தம் காதை அடைத்தது. அவை போனபின் சடையப்பன், "இன்னா, சொல்லட்டா?" என்றான்.

"வாணாம்" என்றார் திருவேங்கடம்.

வந்ததற்குக் கொஞ்ச நேரம் பந்தயம் பார்த்தார். இத்தனை வருஷமும் அவர் சக்கரத்தைத்தான் பார்த்திருந்தார், சத்தத்தைத்தான் கேட்டிருந்தார். அன்றைக்குத் தலைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் பானை மாதிரி உருண்டையாக, காதை மூடிக்கொண்டு போனது. கையிலிருந்ததற்குக் காதே இல்லை. ஹெல்மெட்டைக் கயிற்றோரம் வைத்துவிட்டு நடந்தார். எவரும் எடுக்கவில்லை.

இருட்டுவதற்குள் கடைக்கு வந்து சேர்ந்தபோது வசந்தா டிரங்குப் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கண்ணாயிரம், தலையைக் குனிந்துகொண்டு. காலையில் சிரித்ததற்கு இப்போது வெட்கப்பட்டான்.

"அக்காவ கொஞ்ச நாளு எங்கூட வச்சிக்கறேன் மாமா. நீயும் வா. கான்ட்ராக்டுல கூலிக்கி சேத்து வுடறேன். அப்பறம் பாத்துக்கலாம்."

"வரட்டும்" என்றாள் வசந்தா. அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. "இந்த செவுத்த காலி பண்ணிட்டு வரட்டும். ஒண்ணு வுடாம தூக்கி போட்டுட்டு வரட்டும். கைக்குட்டையிலிருந்து."

திருவேங்கடம் உள்ளே போய் விளக்கைப் போட்டார். நடு ஆணி காலியாக இருந்தது. கையுறையைத் தொட்டார். விட்டுவிட்டுத் தகரத்தைத் தொட்டார். ஸ்பார்க் பிளக் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டி, அதே ஆணியில் திரும்ப மாட்டினார். கடைக்குப் பஞ்சரோடு எத்தனையோ கார் வந்திருக்கிறது; எந்தக் கார் பிளக்கைக் கழற்றினாலும் இப்படித்தான் கரி இருக்கும்.

"இன்னா, கை வரலியா?" வாசலிலிருந்து குரல் வந்தது.

"எத போடறது வசந்தா? ரெண்டு மூணு நெசம் கீதாம். எதுன்னு தெரியலியே."

"கேட்டுகினு வர்றதுதான? அங்கதான போன?"

அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"கேட்டிருந்தா, மத்தது அல்லாம் பொய்யின்னு ஆயிருமே" என்றார்.

கல்பாக்கம் பஸ் வந்தது. கண்ணாயிரம் பெட்டியைத் தூக்கினான். வசந்தா ஏறினாள்.