நூற்றுப் பதினேழாம் எண்ணின் வருகை

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. ஜனவரி மாதம், வியாழக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். கரியாஹாட் மார்க்கெட்டில் காலிஃப்ளவருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜாதவ்பூர் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி பேசினார். தஞ்சாவூர்க்காரர். முப்பது வருடம் வங்காளத்தில் இருந்தும் திட்டுவதற்கு மட்டும் தமிழைத்தான் நம்புவார்.

"என்னய்யா மெஷின் மாட்டிட்டுப் போயிருக்கே? செத்துப்போன மனுஷன் தினம் டியூட்டிக்கு வந்துக்கிட்டிருக்கார்!"

"காலங்காத்தால ஜோக்கா சார்?"

"வந்து பாரு. அப்புறமா சிரி."

அவசரத்தில் கடைக்காரன் கேட்ட விலையையே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அந்த எரிச்சல் வேறு.

விரல் ரேகை வைத்து வருகை பதியும் மெஷின்களைப் பொருத்துவது அப்போது என் பிழைப்பு. அந்தத் தொழிற்சாலைக்கு முந்தைய வருடம்தான் நாலு மெஷின் மாட்டியிருந்தேன். கேட்டில் ஒன்று, ஆபீஸில் ஒன்று, பேக்கிங்கில் ஒன்று, கடைசிக் கட்டிடத்தில் பாட்டில் கழுவும் இடத்தில் ஒன்று. நாலையும் கேபிள் இழுத்து ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தேன். விரலை வைத்தால் திரையில் பெயரும் எண்ணும் வரும், ஒரு பெண் குரல் 'தேங்க் யூ' சொல்லும். எந்த மெஷினில் புது ஆளின் ரேகையைப் பதிந்தாலும் கம்ப்யூட்டர் மணிக்கொரு தடவை அதை எடுத்து மற்ற மூன்றுக்கும் அனுப்பிவிடும். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரே பெருமை.

அதிகாரி பட்டியலை என் முன்னால் போட்டார். நூற்றுப் பதினேழாம் எண், பாட்டில் கழுவும் பிரிவு. டிசம்பர் பாதியிலிருந்து வேலை நாள் தவறாமல் காலை எட்டு ஐம்பது, எட்டு ஐம்பத்திரண்டு என்று ஆள் வந்ததாகப் பதிவு. வெளியே போனதாக ஒருநாளும் பதிவில்லை. அந்த மனுஷர் செப்டம்பரிலேயே அங்கே கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார்.

"பேரை அழிச்சுட வேண்டியதுதானே சார்?"

பக்கத்தில் இருந்த குமாஸ்தா, வயதான வங்காளி, என் கண் முன்னாலேயே அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரில் அழித்தார். டீ வந்தது. குடித்தோம். மணி பன்னிரண்டு அடித்தது. பட்டியலைத் திறந்தார். நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு. ஆள் திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"உனி அபார் எஷேச்சேன்" என்றார் குமாஸ்தா. அவர் மறுபடி வந்துவிட்டார் என்று அர்த்தம். மேலதிகாரி வந்ததைச் சொல்வதுபோல அடங்கிய குரலில் சொன்னார்.

அதிகாரியின் கவலை பேய் இல்லை. இறந்தவரின் மகளுக்கு, இருபத்திரண்டு வயதுப் பெண், கருணை அடிப்படையில் டிசம்பரில் பேக்கிங்கில் வேலை கொடுத்திருந்தார்கள். முந்நூற்று நாற்பத்திரண்டாம் எண். ஆறு மாதத் தகுதிகாண் பருவம். அவள் தினமும் வருகிறாள் என்று சூப்பர்வைசர் சத்தியம் செய்கிறார். மெஷினோ அவள் ஒருநாள்கூட வரவில்லை என்கிறது. தலைமை ஆபீஸுக்கு மெஷின் சொன்னதுதான் வேதம். போதாக்குறைக்கு, மகள்தான் அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று பேக்கிங்கில் யாரும் அவள் பக்கத்தில் உட்காருவதில்லையாம்.

"சனிக்கிழமைக்குள்ள இது என்னன்னு நீ எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா அவளை நிறுத்தற லெட்டர்ல நான் கையெழுத்துப் போடணும். ஆத்துல அவளும் அம்மாவும்தான். புரியறதா?"

கடைசிக் கட்டிடத்துக்குப் போய்ப் பார்த்தேன். என் மெஷினா அது! உச்சியில் சிந்தூரப் பொட்டு, காய்ந்த சாமந்தி மாலை, கீழே ஊதுபத்திச் சாம்பல். பக்கத்துச் சுவரில் இறந்தவரின் போட்டோ. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு எந்த இயந்திரமும் ஓடக்கூடாது, எல்லாவற்றுக்கும் ஓய்வு. நெட்வொர்க் கேபிள் வழியாகவும் மெஷின் வேலை செய்யுமே என்று அதையும் பிடுங்கிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்! மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். மாலை போட்டதே அவர் கைதானாம். அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. மெஷின் அப்படியே கிடந்தது. அவர் இறந்தபோது குமாஸ்தா ஒவ்வொரு மெஷினுக்கும் அனுப்பிய நீக்கல் உத்தரவு மற்ற மூன்றுக்கும் போய்ச் சேர்ந்தது, இதற்கு மட்டும் போகவில்லை. டிசம்பரில் யாரோ கேபிளைத் திரும்பச் செருக, இந்த மெஷின் தன்னிடம் இருந்த ஆளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது. என் பெருமைக்குரிய ஏற்பாடு அவரை நாலு மெஷினுக்கும் அனுப்பியது. கம்ப்யூட்டரில் மட்டும் அழித்தால் மெஷின்கள் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பெயர் திரும்பி வந்த காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் விரல்? எரித்த மனுஷனின் விரலை யார் கொண்டுவந்து வைக்கிறார்கள்? அன்று இரவு முழுக்க இதே யோசனை. பெண்டாட்டியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "நாளைக்கு அங்க போயிட்டு வந்தா நேரா குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும், சொல்லிட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வருகை விழ விழப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. எட்டு ஐம்பத்தொன்றுக்கு அந்த வரி வந்தது. நூற்றுப் பதினேழு, கடைசிக் கட்டிடம். குமாஸ்தா கையைக் கூப்பினார். நான் எழுந்து ஓடினேன். முற்றத்தில் பனிக்குள் எனக்கு என் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. போய்ச் சேர்ந்தபோது மெஷின் முன்னால் யாருமில்லை. கழுவிக் கவிழ்த்த பாட்டில்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மெஷின் திரையில் அவர் பெயர் இன்னும் பச்சையாக எரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. விரல் வைக்கும் கண்ணாடியைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கருவிப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஆபீஸுக்குத் திரும்பி, "சார், இப்பவே நாலு மெஷின்லயும் அழிச்சுடறேன். விடுங்க" என்றேன்.

"அழிச்சா அவ வந்ததா ஆகிடுமா? யார் விரல்னு தெரியாம நான் என்னத்தை எழுதறது? நாளைக்கு அங்கயே நில்லு."

சனிக்கிழமை எட்டரை மணிக்கே போய்க் கழுவும் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். கைகள் விறைத்தன. ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் விரலை வைத்ததும் சூடுபட்ட மாதிரி எடுத்து, வேட்டியிலோ சட்டையிலோ துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, பேக்கிங் ஆட்களுக்கு வேலையே இல்லாத அந்தக் கட்டிடத்துக்குள் பழுப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் வந்தாள். வலது ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கண்ணாடியில் வைத்தாள். திரையில் அப்பாவின் பெயர் வந்தது. தேங்க் யூ. அவள் திடுக்கிடவே இல்லை. திரை அணையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். சோடாக் காரத்தில் வருடக்கணக்காகப் பாட்டில் கழுவி அந்த மனுஷருக்கு விரலில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. மாட்டிய அன்று பத்துத் தடவை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. மற்றவர்களுக்கு வைத்திருந்த கண்டிப்பை அவர் ஒருவருக்கு மட்டும் அடிமட்டத்துக்குத் தளர்த்திவிட்டேன். ஓரளவு ஒத்துப்போகும் விரல் வந்தாலே அவர்தான் என்று மெஷின் சொல்லிவிடும். மகளின் விரலில் அப்பாவின் சாயல் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். அவர் எண் முதலில் வருவதால் இவள் எண்வரை மெஷின் போவதே இல்லை. அவர் பெயரை அழிப்பதற்கு முன்னால் அந்தக் கட்டிடத்தில் இருந்த இருபது பேரை அதே மெஷினில் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் அவர் பெயர் வரவில்லை. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வெளியே வந்ததும் அவள் பயந்து பின்வாங்கினாள். வங்காள மொழியில் கேட்டேன்.

"இடது கை விரலும் பதிஞ்சிருக்கு இல்ல? அதை வை."

கட்டைவிரலை வைத்தாள். முந்நூற்று நாற்பத்திரண்டு, அவள் பெயர். தேங்க் யூ.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டாம் நாளே தெரியும், காக்கு." காக்கு என்றால் சித்தப்பா.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "பைத்தியமா உனக்கு? ஒரு மாசமா நீ வேலைக்கே வரலைன்னு பதிவாகுது! இன்னிக்கு உன்னைத் துரத்தப் போறாங்க, தெரியுமா? இந்த விரலை வெச்சிருந்தா முடிஞ்சு போச்சே!"

அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "பாபா பேரு வருமே காக்கு. சாயந்திரம் வெச்சா அவர் போயிட்டதா விழும், அதான் காலையில மட்டும் வைப்பேன்" என்றாள்.

என் கத்தல் கேட்டு அதிகாரி வந்துவிட்டார். "என்னய்யா, யார் விரல்?" என்று தமிழில் கேட்டார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தெரிந்தே செய்தாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கதை முடிந்தது.

"என் தப்பு சார். பெரியவர் ரேகையை ரொம்பத் தளர்த்தி வெச்சுட்டேன். இந்தப் பொண்ணு எந்த விரலை வெச்சாலும் அவர் பேர்தான் விழும். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பாதி உண்மை, பாதி பொய். அதிகாரி தன் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுதிக் கொடு. கையெழுத்துப் போடு. அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் உனக்கு வராது, சொல்லிட்டேன்" என்றார். அங்கேயே ஒரு பாட்டில் பெட்டியின் மேல் வைத்து எழுதிக் கொடுத்தேன். டிசம்பரிலிருந்து விழுந்த அத்தனை வருகையும் அவள் கணக்கில் மாற்றப்பட்டது.

பிறகு அழித்தேன். கேட், ஆபீஸ், பேக்கிங், கடைசியில் இது. அவரைப் பதிந்தவன் நான், அழித்தவனும் நான். அதிகாரி பார்க்க, "வலது விரலை வைம்மா" என்றேன். வைத்தாள். முந்நூற்று நாற்பத்திரண்டு. தேங்க் யூ. "சரியாயிடுச்சு" என்று அதிகாரி போய்விட்டார்.

அவள் மறுபடி விரலை வைத்தாள். அவள் பெயர். சால்வையில் துடைத்துவிட்டு வைத்தாள். நாக்கில் தொட்டு வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் பெயர்தான் வந்தது.

"வேலை நிலைச்சுடுச்சும்மா. அம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றேன்.

"தினமும் சாயந்திரம் கதவைத் திறந்ததும் மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்பா, காக்கு. இன்னிக்கு அவர் வந்தாரான்னு. வந்தார்னு சொன்னாத்தான் சாப்பிட உட்காருவா."

மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு என்ன சொல்லட்டும்?"