வேலந்தாவளம் சந்தைக்கு நடந்தே போனேன்

1970களின் நடுவில் எனக்கு இளைப்பு முற்றியிருந்தது. கிணற்றடி வரை போனாலே நெஞ்சு விசிலடிக்கும். "நெஞ்சு பழையபடி ஆவாது. ஆனா காலை முடக்கிப் போடாதீங்க. நடக்கணும், கேட்டோ" என்றுதான் பாலக்காட்டு டாக்டர் சொன்னார். வீட்டில் யார் அதைக் காதில் வாங்கினார்கள்? மனைவி வெந்நீரைக்கூடக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன்.

ஒருநாள் அவள் தம்பி வந்தான். "ஏனுங் மச்சான், ஏர் பிடிக்க முடியாதவருக்கு எருது எதுக்குங்க? சந்தைல தள்ளிரலாம்" என்றான். அவளும் தலையாட்டினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எருதுகள் போனால் நான் குடியானவனே இல்லை, கட்டிலோடு சேர்ந்த சாமான்.

"மூக்கிருக்கற மட்டும் சளி இருக்கும். அதுக்குன்னு மூக்கை அறுப்பீங்களாடா?" என்று கத்தினேன். இருமல்தான் மிச்சம். மழை முடியட்டும் என்று தவணை மட்டும் வாங்கினேன்.

அன்று முதல் நானே எருதுகளை வாய்க்கால் கரையில் மேய்த்தேன். ஒன்று கிழடு. அது நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன். சூடான காப்பியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மூச்சை விட்டால் நெஞ்சு அடங்கியது. முதலில் புளியமரம் வரை, பிறகு மதகு வரை போனேன்.

சந்தை நாளன்று கயிற்றை நானே பிடித்தேன். "வழியில உழுந்தா வித்துக்குங்க. நடந்து சேந்துட்டா என் பேச்சுத்தான்" என்றேன். மனைவி தண்ணீர்ச் செம்போடு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். மேட்டில் மூச்சு அடைத்தது, கண் இருட்டியது. மச்சினன் கயிற்றுக்குக் கை நீட்டினான். தரமாட்டேன் என்று கிழட்டு எருதின் திமிலில் சாய்ந்து ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். மூச்சு திரும்பியது. நடந்தேன்.

சந்தையில் தரகர் துண்டை விரித்து, அதனடியில் விரல் பிடித்து விலை பேச மச்சினனின் கையை இழுத்தார். கயிற்றை மனைவியிடம் கொடுத்துவிட்டுத் துண்டை உருவினேன். "விக்கறதில்லீங்க!"

"அப்பறம் எதுக்குங்க இத்தனை தூரம் ஓட்டியாந்தீங்க?" என்றார் தரகர்.

"நானெங்கீங்க ஓட்டியாந்தேன்? அதுங்கதான் என்னை ஓட்டியாந்துச்சுங்க!"

அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. மச்சினன் முகம் தொங்கிப்போயிற்று. "செரி, திரும்பறப்பவாவது வண்டியில ஏறுங்க மச்சான்" என்றான்.

நான் வாயைத் திறக்குமுன் மனைவி அவனை ஒரு முறை முறைத்தாள். "எதுக்குடா வண்டி? வரத் தெரிஞ்சவருக்குப் போகத் தெரியாதா?" என்றவள், கயிற்றை என் கையில் திணித்தாள்.

"ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்க? பொழுதோட ஊடு போய்ச் சேரோணும். நடங்க."