சட்டையில் மண் இல்லாத பையன்

ஒரு சட்டையைப் பார்த்தால் போதும், அதைப் போட்டிருந்தவர் அன்று என்ன பாடுபட்டார் என்று நகுலேஸ்வரி சொல்லிவிடுவார். லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுச் சேலைச் சட்டை தைக்கிறவர். அதற்கு முன் பதினொரு வருடம் ஜெர்மனியில், அமெரிக்கக் கால்பந்து அணியொன்றின் உடுப்புகளைத் தோய்த்துக் கிழிசல் தைத்தவர். தோய்க்கத் தோய்க்க ஆட்டமும் பிடிபட்டது.

கணவர் சண்முகராசா இதைக் கணக்கில் எடுத்ததே இல்லை. அவருடைய முதல் கேள்வி எப்போதும் எந்தப் பள்ளிக்கூடம் என்பதுதான். மாப்பிள்ளை பார்த்தாலும் அது, பல்வைத்தியரிடம் போனாலும் அது. ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு மாறி வந்த பத்துப் பேர் நடத்திய விளையாட்டிலும் அதையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஓகஸ்ட்டிலும் பத்துப் பேரும் பத்துக் கதிரையில் இருந்து, அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து தொழில்முறை அணிகளுக்குப் போகும் பையன்களை முறைவைத்துத் தெரிவு செய்வார்கள். பையன் உண்மையில் ஆடும் ஆட்டத்துக்கு ஏற்ப அவனை எடுத்தவருக்குப் புள்ளி. பின்னால் நின்று பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குக்குத்தான் மதிப்பு அதிகம். கடைசியாக வந்தவருக்கு அடுத்த வருடம் முதல் தெரிவு. மூன்று வருடம் தொடர்ந்து கடைசியானால் கதிரை போய்விடும்.

சண்முகராசா இரண்டு வருடம் கடைசி. இரண்டு தரமும் பெரிய கல்லூரிப் பையன்களைத்தான் எடுத்தார்.

ஊரில் போர் அப்படி முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு அவர்களில் எவருக்கும் எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவாவது கூடுவோம் என்றுதான் அந்த ஓகஸ்ட்டில் கூடினார்கள். அந்தக் கதிரையும் போனால் மனுஷன் யாரோடும் பேசாமல் சுருண்டுவிடுவார் என்று நகுலேஸ்வரி உள்ளூரப் பயந்தார்.

"பிறைஸ் எண்ட குவாட்டர்பேக்கைத்தான் எடுக்கப்போறன். இவன் படிச்ச கொலிஜுக்குக் கிட்ட ஒண்டும் வராது," என்று சண்முகராசா கணினியில் அவனுடைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார்.

"அவன்ரை சட்டையைப் பாருங்கோ. ஆட்டம் முடியுது, ஒரு பொட்டு மண் இல்லை. முன்னுக்கு நிக்கிற தடியன்கள் ஒருத்தரையும் கிட்ட விடேல்லை. அடி விழுந்தால் என்ன செய்வான் எண்டு அவனுக்கே தெரியாது."

"நீர் பந்தைப் பாரும்."

நகுலேஸ்வரி, மற்றப் பையன்களின் அணிகள் தோற்ற ஆட்டங்களைத் தேடிப் பார்த்தார். பேர் தெரியாத கல்லூரியின் டெலனி என்ற பையன், தோள்பட்டை கிழிந்து, மேலெல்லாம் சேறு. இடுப்பில் ஒருத்தன் தொங்குகிறான், இவன் காலை அசைக்காமல், பந்தை வாங்க ஓடுகிறவர்களில் மூன்றாவது ஆளைத் தேடிக் கண்டு எறிகிறான். நாலு ஆட்டத்திலும் அப்படியே. அதற்குமேல் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

தெரிவு நாளன்று சண்முகராசாவுக்கு பஸ் ஓட்டும் ஷிப்ட். மாற்ற முடியவில்லை. மனைவியைத் தவிர அனுப்ப ஆளும் இல்லை.

"நான் போனால் நான் சொல்லுற பேர்தான். சம்மதமெண்டால் போறன்," என்றார் நகுலேஸ்வரி.

"என்னவோ செய்யும்," என்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"முதல் தெரிவு சொல்லுங்கோ அக்கா," என்றார் தெரிவுக் கூட்டத்தில் செயலாளர் கிருஷ்ணராசா.

"டெலனி."

"எந்தக் கொலிஜ்?"

"பேர் வாயிலை வருகுதில்லை. பையனைத் தெரியும்."

கதிரைகள் எல்லாம் சிரித்தன. பிறைஸை கிருஷ்ணராசா வாயெல்லாம் பல்லாக எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒரு கிழமை சோறு, கறி, தண்ணீர் என்ற மூன்று சொல்லோடு பேச்சு முடிந்தது.

செப்டெம்பர் முழுக்க டெலனி ஆட்டத்தில் இறங்காமல் ஓரத்து வாங்கில் குந்தியிருந்தான். சண்முகராசா முறைத்தார், நகுலேஸ்வரி தைத்தார். ஒக்டோபரில் அவனுடைய அணியின் மூத்த குவாட்டர்பேக் காயப்பட, டெலனி இறங்கினான். ஒவ்வொரு ஞாயிறும் விழுந்தான், எழும்பினான், எறிந்தான். பிறைஸோ இரண்டு தரம் நிலத்தில் புரண்டதோடு சரி, ஆள் கிட்ட வரமுன்னமே பந்தை எறிந்து தொலைத்தான்.

டிசம்பர் முடிவில் புருஷனும் பெண்சாதியுமாகக் கூட்டத்துக்குப் போனபோது சண்முகராசா மூன்றாம் இடம். கிருஷ்ணராசா கடைசி.

"அண்ணை, கதிரை தப்பிச்சிட்டுது," என்றார் கிருஷ்ணராசா சோர்ந்த முகத்தோடு.

சண்முகராசா எழும்பினார். "என்ரை பேரை வெட்டும். இவவின்ரை பேரை எழுதும். எனக்குப் பக்கத்திலை ஒரு ஸ்டூல் போதும்."

நகுலேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை ஒருவரும் காணக்கூடாது.

கிருஷ்ணராசா அங்கத்தினர் படிவத்தை எடுத்துப் பேரை எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பள்ளிக்கூடம்?"

"அது கிடக்கட்டும்," என்றார் சண்முகராசா. "கதிரையை இஞ்சாலை இழுத்து விடும், அவ இருக்கட்டும்."