ஆறு அங்குல உயரம்

நெவில் கிரீன்வுட் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஹாலிஃபாக்ஸில் எங்கள் தெருவே அப்படி. ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். முப்பது வருஷமாக அந்தச் சுவர் வழியாக நான் அதிகம் கேட்டது அவர் மனைவி டோரீனின் குரலைத்தான்.

"எப்பத்தான் எனக்கு ஷவர் போடப் போற?"

"அடுத்த வசந்தத்துல."

இத்தனைக்கும் மனிதரின் தொழிலே அதுதான். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட குழாயில்தான் குளிக்கிறார்கள். சொந்த வீட்டு மாடியில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய இரும்புத் தொட்டி. நானே பலமுறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன நவம்பரில் டோரீனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லத்துக்குப் போனவள் இன்னும் வீடு திரும்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்தச் சண்டைக்காக எனக்கே ஏக்கமாக இருந்தது என்றால், நெவிலைச் சொல்ல வேண்டுமா? காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பை தேநீர் போட்டுவிட்டு ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அதில் டோரீனுக்குப் பிடித்த மாதிரி மூன்று கரண்டி சர்க்கரை இருக்கும். நான் முகம் சுளிக்காமல் குடித்துவிடுவேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவர, மாடிப்படியில் மின்சாரத்தில் ஏறி இறங்கும் நாற்காலி பொருத்தியாயிற்று. மிச்சம் குளியல்தான். மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கும் நுஸ்ரத் என்ற பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அந்தத் தொட்டி இருக்கற வரைக்கும் அவங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் நெவில். நடந்து போய்க் குளிக்கற மாதிரி செஞ்சு காட்டுங்க."

நெவில் தொட்டியை உடைத்து வெளியே போட்டார். தரைப் பலகைகளைப் பெயர்த்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கீழே குறுக்காக ஓடிய மர விட்டங்கள் ஒவ்வொன்றிலும், நட்டநடுவில், பாதி ஆழத்துக்கு வெட்டு.

"யாருங்க இப்படிக் கொத்திவச்சது?"

"எழுபத்தொம்பதுல ஒரு அவசரக்காரப் பய."

"எந்தப் பய?"

"நான்தான்." வெட்டை விரலால் தடவினார். "கல்யாணமாகி முதல் குளிர்காலம். டோரீன் கோட்டுப் போட்டுக்கிட்டுத் தூங்குவா. ஒரே நாள்ல ஹீட்டர் குழாய் இறக்கணும்னு வெட்டிப்புட்டேன். வேற எவனாவது இப்படி வெட்டியிருந்தா நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி திட்டியிருப்பேன்."

ஷவருக்கு அடியில் நின்று குளிக்கும் தட்டைத் தரையோடு தரையாகப் பதித்தால், கழிவுக் குழாய் சரிந்து போக விட்டங்களை இன்னும் வெட்ட வேண்டும். வெட்டினால் டோரீன் குளித்தபடியே கீழே சமையலறைக்கு வந்து சேர்வாள். எனவே பழைய விட்டங்களின் பக்கத்தில் புது மரம் வைத்துப் போல்ட் போட்டு முறுக்கினார். பலகைகளை மூடி, அதன்மேல் சட்டம் கட்டி, தடித்த ஒட்டுப்பலகை அறைந்து, தட்டை ஏற்றி உட்காரவைத்தார். குழாய் அந்தச் சட்டத்துக்குள்ளேயே சரிந்து வெளிச்சுவருக்குப் போனது. தரைக்கும் சுவருக்கும் நீர் புகாத பூச்சு மூன்று தடவை. வேலை அருமையான வேலை. ஆனால் தட்டு தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே நின்றது.

"தண்ணி மேல ஏறாது. டோரீன்தான் ஏறணும்" என்றார்.

மிச்ச மரத்தில் அதே ஆறு அங்குலத்துக்கு ஒரு பெட்டி செய்தார். தினமும் மத்தியானம் அதை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி இல்லத்துக்குப் போவார். டோரீனுக்கு அதில்தான் பயிற்சி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில். டோரீன் பெட்டியை ஒருநாள் எட்டி உதைத்தாளாம். "நல்ல காலாலதான் உதைச்சா" என்று பெருமையாகச் சொன்னார்.

ஐந்தாவது வாரம் நுஸ்ரத் அவளை வேனில் வீட்டுக்கு அழைத்துவந்தாள். ஏறி இறங்கிக் காட்டினால்தான் கையெழுத்து. நான் மாடி நடையில் நின்றேன். டோரீன் கைப்பிடியைப் பற்றினாள். இடது கால் ஏறியது. வலது கால் தட்டின் விளிம்பில் இடித்து, இழுபட்டு, ஏறியது.

"பிரமாதம்! இப்ப இறங்குங்க" என்றாள் நுஸ்ரத்.

"மாட்டேன்." நாக்கு கொஞ்சம் குழறியது, பிடிவாதம் குழறவில்லை. "இறங்கினா மறுபடி அங்க கூட்டிட்டுப் போயிடுவீங்க."

"இறங்கிட்டா அடுத்த வாரமே வந்துடலாம்டி" என்றார் நெவில்.

"உன் அடுத்த வாரமா? உன் அடுத்த வசந்தத்தை நாப்பது வருஷம் பாத்தவ நான்."

அந்த மனிதர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் சப்பாத்துக் காலோடு தட்டில் ஏறி அவள் பக்கத்தில் நின்றார். கைநீட்டிக் குழாயைத் திறந்துவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீர் இருவர் தலையிலும் கொட்டியது.

"இந்தா, போட்டுட்டேன்" என்றார்.

டோரீன் சிரித்தாள், ஒரு பக்கம் மட்டும் விரிந்த சிரிப்பு. அப்புறம் அழுதாள். "சனியனே, நனைச்சுட்டியே. போய் மாத்தணும்" என்றவள், கெட்ட காலை முதலில் வைத்து இறங்கினாள். நுஸ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அடுத்த வியாழக்கிழமை என்று தேதியும் எழுதினாள்.

தன் அலமாரியிலிருந்தே நீலக் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினாள் டோரீன். இல்லத்தின் பெயர்ச்சீட்டுத் தைத்த பழைய சட்டை குளியலறைக் கைப்பிடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "அதை யாரும் தொடாதீங்க. நானே வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது மறுநாளே காய்ந்துவிட்டது. நெவில் தொடவில்லை, இந்த வாரம் முழுக்க என் வீட்டுக்கு வந்துதான் குளிக்கிறார். இன்று புதன்கிழமை. காலையில் தேநீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தால் சர்க்கரையே இல்லை.

"என்ன நெவில், சர்க்கரை தீந்துபோச்சா?"

"கொஞ்சம்தான் இருக்கு. நாளைக்கு வேணும்" என்றார்.