மரம் வெட்டிய குருவிப் பாட்டு

மூக்குக் கண்ணாடிக் கடையில் பிரேம் விற்கிற ஆளுக்குக் கவிஞர் என்று யார் பட்டம் கொடுத்தது? அவரே கொடுத்துக்கொண்டார். வீட்டில் துணி தைத்துக் குடும்பத்தைப் பாதி சுமக்கிற அவர் மனைவிக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே? மாமன் மகளாக ஒரே மாடிக் குடியிருப்பில் அவரோடு வளர்ந்தவள் அவள். குளத்தில் குதித்தேன், குருவியோடு கொஞ்சினேன் என்று அவர் இப்போது எழுதுகிற பிள்ளைப் பிராயத்தில், தலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாலே ஊரைக் கூட்டினவர் அவர். பாட்டு என்னவோ இப்படிப் போகும்:

"குளத்துல குதிச்ச காலமும் போச்சு,
குழாயில சொட்டுது மிச்சமாம் மூச்சு,
குருவியே குருவியே எங்கடி போனே,
கொட்டாவி விட்டுட்டு நிக்கிறேன் நானே!"

மெட்டுப் போட்டவன் அவள் தம்பி. கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிப்பவன். மச்சானும் மச்சினனும் பின்னறையில் மைக்கை வைத்துப் பதிவு செய்ய உட்கார்ந்தார்கள். எங்கடி போனே என்று இவர் உருகும்போதெல்லாம் கொல்லை மரத்திலிருந்து குருவிக் கூட்டம் மொத்தமும் கத்தித் தொலைத்தது. ஜன்னலைச் சாத்தினார்கள், போர்வையைத் தொங்கவிட்டார்கள். சத்தம் நின்றபாடில்லை.

"மரத்தை எடுத்துட்டாச் சரியாயிடும்" என்றார் கவிஞர்.

அந்த மரத்தின் நிழலில்தான் அவள் தையல் மிஷின். தகரக் கூரை போட்ட அறைக்குள் பகலில் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை பிளந்துவிடும்.

"ஏங்க, அந்த நிழல் இல்லேன்னா நான் எங்க உக்காந்து தைப்பேன்? அதுல மட்டும் கை வைக்காதீங்க."

"சரி, ஒரே ஒரு கிளைதான். கலையைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

தைத்த துணியைக் கொடுத்துவிட்டு அவள் திரும்புவதற்குள் மரம் விறகாகிக் கிடந்தது. பாவி மனுஷன்! பதிவு அமைதியாக முடிந்தது. போட்டுக் கேட்ட தம்பி, "மச்சான், பாட்டு மொட்டையா இருக்கு. ஆரம்பத்துல ரெண்டு குருவிச் சத்தம் வேணும்" என்று போனில் தேடி எடுத்து ஒட்டினான். இதுகளை எதில் சேர்ப்பது?

நூலகக் கூடத்தில் வெளியீடு. பாட்டு முடிந்ததும் கவிஞர் மைக்கைப் பிடித்தார். "எங்க வீட்டு மரமும் அதுல வாழ்ந்த குருவிங்களும்தான் என்னைப் பாட வச்சுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலையெல்லாம் அந்தத் தகர அறையில் வெந்து, தலைவலியோடு வந்திருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. முன்வரிசையில் எழுந்து நின்றாள்.

"அந்த மரத்தை வெட்டிப் போட்டதே இவர்தான்! குருவி கத்துது, பாட்டு கெடுதுன்னு வெட்டினாரு. நான் இப்ப அடுப்புக்குள்ள கிடக்கிற மாதிரி கிடந்து வேகறேன்!"

முடிக்கும்போது அழுதேவிட்டாள்.

கூடம் கொல்லென்று சிரித்துக் கைதட்டியது. வீட்டம்மாவுக்கும் நகைச்சுவை கைவந்த கலை என்று பாராட்டினார் தலைமை தாங்கியவர்.

கவிஞர் எல்லோரையும் கும்பிட்டபடியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பரவாயில்லையே, நல்லாத்தான் சொன்னே" என்றார் காதோடு. "அடுத்த கூட்டத்துலயும் இதையே சொல்லு. அந்த அழுகையை மட்டும் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பி."