சூடேறச் சூடேற இறங்கிய முள்

உப்பளம் பகுதியில் ஒரு ஷெட்டில், ஊரே 'முசியே' என்று கூப்பிடும் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர் ஒருவர் சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டிருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராக ஆட்டோவுக்கு ஒயரிங் செய்து திரிந்த என்னிடம், என்ஜின் சூட்டைக் காட்டும் சென்சார்களை இணைக்கும் வேலையைக் கொடுத்தார். தன் உயிர்மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

சிவப்பு ஒயர் என்றால் பிளஸ். எனக்குத் தெரியாததா? சென்சாரோடு வந்த விளக்கத் தாளைப் பிரிக்கவே இல்லை.

என்ஜினை ஓடவிட்டோம். சிலிண்டர் கொதிக்கக் கொதிக்க மீட்டர் முள் கீழே இறங்கியது.

"பரவால்லியே, ஏசி போட்டுட்டியா?" என்றார்.

தாளைப் பிரித்தேன். இந்த ஒயரில் சிவப்புதான் மைனஸாம்.

"மாத்திடறேன் முசியே."

"மாத்து. மொத தடவ பறக்கும்போது நீயும் பக்கத்துல உக்காரு."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஒரு தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் படித்தது அன்றைக்குத்தான்.