இரண்டு போத்தல், ஒரே எஞ்சின்

பழைய எஞ்சின் எண்ணெயின் வாடை எனக்கு ஒருபோதும் குமட்டியதில்லை. கிள்ளானில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக அதைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. விமான எஞ்சினில் எந்தப் பாகம் தேய்ந்தாலும் அதன் உலோகம் தூளாகி எண்ணெயில் கலந்துவிடும். எந்த உலோகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம், எண்ணெய் அனுப்புகிறவன் யோக்கியனாக இருந்தால்.

தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் சின்ன விமானம் ஒன்று. அதற்கு இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் இடது, வலது என்று எழுதிய இரண்டு போத்தல்கள் வரும். ஒருமுறை வலதில் இரும்பு எகிறியிருந்தது. சிவப்பில் குறித்து, உடனே எஞ்சினைப் பாருங்கள் என்று எழுதினேன். அடுத்த முறை இறங்கிவிட்டது. சரிசெய்துவிட்டார்கள் என்று நம்பி, நார்மல் என்று கையெழுத்துப் போட்டேன்.

அதற்கும் அடுத்த முறைதான் இரண்டு பக்க முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தேன். இரும்பு, செம்பு, அலுமினியம் எல்லாம் அச்சு அசலாக ஒரே அளவு. ஒரே வீட்டில் இரண்டு பேர் செருப்புகூட ஒரே மாதிரி தேயாது. போத்தல் அனுப்பும் விமான மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நீங்க சிவப்பு போட்டா பிளேனை நிறுத்தணும், பாஸ் கத்துறாரு. அதான் இடது எஞ்சின்ல இருந்தே ரெண்டு போத்தலையும் ரொப்பிட்டேன். ரெண்டும் ஒரே டின் எண்ணெய்தானே லா."

"எத்தனை தடவை இப்படி?"

"இது ரெண்டாவது."

"அந்தப் பிளேன்ல நீ ஏறுவியா?"

"நான் ஏன் ஏறப்போறேன்? பந்திங்ல வீடு, மோட்டார்ல போறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சீ, என்ன ஜென்மம் என்று போனை வைத்தேன். வாங்கிவந்திருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடப் பிடிக்கவில்லை. போன முறை ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். அதிலும் இரண்டு பக்கமும் ஒரே எண்கள். வலதில் இரும்பு இறங்கிய சந்தோஷத்தில் நான் இடது பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

விமான நிறுவனத்துக்கு அன்றே கடிதம் எழுதினேன். மெக்கானிக்கைக் கிழிகிழி என்று கிழித்திருந்தேன். இந்த முறை நடந்த மோசடியைப் பற்றித்தான் எல்லாம். போன முறையைப் பற்றி ஒரு வரி இல்லை.

விமானத்தை நிறுத்தி வலது எஞ்சினின் எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்த்தார்கள். மடிப்புக்கு மடிப்பு இரும்புச் செதில்கள் மின்னினவாம்.

இரண்டு நாள் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த விமானத்தை ஓட்டும் பெண் போனில் கூப்பிட்டாள்.

"அங்கிள், ரொம்ப தேங்க்ஸ். போன மாசம் முழுக்க நான்தான் அதை ஓட்டினேன். நீங்க நார்மல்னு போட்டிருந்ததால பயமே இல்லாம ஓட்டினேன்."

"பரவாயில்லம்மா," என்றேன்.

அந்த மெக்கானிக்காவது கேட்டதும் உண்மையைச் சொன்னான்.